உங்களுக்குத் தெரியுமா? பாடம் கேட்ட நீதிபதி

மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் சேர்ந்து வாழ்வதற்காகச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுக்க, அந்தப் பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். தன்பாலின உறவு பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், உளவியல் நிபுணரிடம் பாடம் கேட்டுவிட்டே உத்தரவு எழுதினார். (நம் நீதிமன்றங்களில் இது அபூர்வம்தான்!)

2021 ஜூன் 7 தேதியிட்ட அந்த உத்தரவுப்படி, காணாமல்போனதாகச் சொல்லப்படுபவர்கள் மனமொத்துச் சேர்ந்த வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், போலீசார் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும். தொல்லை தரக் கூடாது. பாதிக்கப்பட்டோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் சட்ட உதவிக்கும் அதில் வழியுண்டு. மறு ஆண்டே தமிழக அரசு, தன்பாலின ஈர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினரைக் காவலர்கள் துன்புறுத்துவதைத் தடைசெய்யும் 24-சி விதியைக் காவலர் நடத்தை விதிகளில் சேர்த்தது. சட்டப்படி விசாரிக்கும் அதிகாரத்துக்கு மட்டும் அதில் விலக்கு.