குருதியும் படலமும் ஒவ்வாத பொழுது

ஊறு செய்யாத ஒன்றை ஊறெனக் கொண்டு உடல் தன் காப்பாற்றலை அதன்மேல் ஏவுதல் ஒவ்வாமை எனப்படும். செயலிழந்த சிறுநீரகத்திற்கு ஈடாக, குருதியை உடலுக்கு வெளியே கொணர்ந்து மென்படலத்தின் ஒருபுறம் ஓடவிட்டு, மறுபுறம் ஓடும் கழுவுநீர்மத்துள் கழிவுகளைக் கடத்திவிடுதல் குருதி ஊடுபிரிப்பு எனப்படும்; மருத்துவமனைகளில் டயாலிசிஸ் என வழங்குவது இதுவே. உயிர்காக்கும் இம்முறையே சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டுவதுண்டு. அது கடுமையாய் எழுவது அரிது. எழுந்து உணரப்படாவிடில் உயிரையும் பறிக்கும்.

இவ்வொவ்வாமைக்கு ஏதுவாகும் படலத்தை விளக்க மாமல்லபுரக் கடற்கரையே போதும். அவ்வூருக்கு வடக்கே நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் ஆலையும், அதனருகே 2024-இல் திறக்கப்பட்ட 15 கோடி லிட்டர் ஆலையும், கடல்நீரை அழுத்தத்தோடு படலத்தின் வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கின்றன. இவ்வகைப் படலங்களுக்கு அடித்தாங்கலாக அமைவது பெரும்பாலும் பாலிசல்ஃபோன் என்னும் பலபடி. இன்று மிகுதியாகப் பயன்படும் ஊடுபிரிகலன்களில் மென்படலமாக அமையும் இழைகளும் அப்பலபடியாலோ அதன் இனத்தாலோ ஆனவையே. எனவே செங்கல்பட்டில் ஊடுபிரிப்புக்குப் படுத்திருக்கும் நோயரின் அருகே நிற்கும் கலனும், கடலோரத்து ஆலையும் ஒரே பொருட்குடும்பத்தைச் சார்ந்து நிற்கலாம். கடல்நீர் தான் தொடும் பொருள் இன்னதென்று அறிவதில்லை, குருதி அறிகிறது.

அக்கலனுக்குள் ஏறத்தாழ 10,000 உள்ளீடற்ற இழைகள் உள்ளன. ஒவ்வொன்றின் உள்விட்டமும் மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கு. அவற்றின் உட்பரப்பை விரித்தால் ஒரு கதவை மூடலாம். கிழமைக்கு மும்முறை, முறைக்கு நான்கு மணிநேரம், குருதி முழுதும் பன்முறை இந்த அயற்பரப்பைத் தடவிச் செல்கிறது. 1943-இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் தம் கருவியைச் செலோஃபேன் உறையால் அமைத்தார். அவ்வழிவந்த மரநார்ப் படலங்கள் காப்பாற்றலுக்குத் துணைநிற்கும் குருதிப்புரதங்களைக் கிளர்த்தின. பின்வந்த செயற்கைப் பலபடிகள் அக்கிளர்ச்சியைப் பெரிதும் தணித்தன.

மருத்துவர் இவ்வொவ்வாமையை இருவகையாகப் பகுப்பர். கடுவகை, பெரும்பாலும் முதல் ஐந்து மணித்துளிகளில், அரிப்பு, தடிப்பு, உடலெரிவு, மூச்சுத்திணறல், குருதியழுத்த வீழ்ச்சி என எழும். மென்வகை, சற்றுப் பிந்தி, நெஞ்சுவலியாகவோ முதுகுவலியாகவோ தோன்றிப் பெரும்பாலும் தானே தணியும்.

கடுவகையின் ஏதுக்களுள் இரண்டு ஆழ்ந்து நோக்கத்தக்கவை. நுண்ணுயிர் நீக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு என்னும் வளி, இழைமுனைகளைப் பிணைக்கும் பாலியூரித்தேன் பசையில் தங்கி, பின்னர்க் குருதியில் கசிகிறது. அதன் மூலக்கூறு, உடலின் காவல் தனித்துக் கண்டறிய இயலாத அளவு சிறியது. குருதிப் புரதமான ஆல்புமினோடு இணைந்த பின்னரே அதற்கு எதிர்ப்பொருள் உருவாகிறது. மற்றொன்று 1990-ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. ஏஎன்69 என்னும் எதிர்மின்னேற்றப் படலம் குருதிக்குழாய்களை விரிக்கும் பிராடிகைனின் என்னும் பொருளைக் குருதியில் பெருக்குகிறது. குருதியழுத்தம் தணிக்கும் ஒருசார் வில்லைகள், பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. படலம் தனித்தும் வில்லை தனித்தும் பெருந்தீங்கு செய்யாதிருக்க, இரண்டும் கூடியபோது நோயர் மயங்கி வீழ்ந்தனர்.

ஒவ்வுதல் என்பது பொருந்துதல், ஒவ்வாமை பொருந்தாமை. பிழை பொருளிலும் உடலிலும் தனித்து இல்லை, அவற்றின் சேர்க்கையில் உள்ளது என்பதைத் தமிழ்ச்சொல்லே எத்துணைச் செம்மையாய் உரைக்கிறது!

பயன்பாட்டுக்கு முன் கலனை உப்புக்கரைசலால் நன்கு அலசுதலும், நீராவியாலோ காமாக்கதிராலோ நுண்ணுயிர் நீக்கிய கலனைத் தேர்தலும் காப்பாகும். கழுவி மறுபயன்பாடு செய்யும் கலன்களில் நுண்ணுயிர்க்கொல்லி நீர்மத்தின் எச்சம் இல்லையென உறுதிசெய்தல் வேண்டும். கடுவகை எழுந்தால் ஓட்டத்தை நிறுத்தி, குழாய்களை இறுக்கி, கலனிலுள்ள குருதியை உடலுக்குத் திருப்பாது விட்டு, அட்ரினலின் முதலிய மருந்துகளைத் தருவர்.

ஊடுபிரிப்புக்குச் செல்வோரே, உட்கொள்ளும் வில்லைகளின் பெயர்களையும் முன்பு ஒவ்வாத கலனின் பெயரையும் ஒரு தாளில் தமிழில் எழுதி உடன்வைத்திருங்கள். தொடங்கிய சில மணித்துளிகளில் உடல் அரித்தாலோ நெஞ்சு அடைத்தாலோ, பொறுத்துப் பாராமல் செவிலியரை அழையுங்கள்.