ஆங்கிலம் தெரியும், விசா உண்டா?

வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியராகப் போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது பயிற்சிச் சான்றிதழைப் பற்றித்தான். செல்டாவோ டெஃபலோ முடித்துவிட்டால் உலகில் எங்கேயும் வேலை கிடைக்கும் என்று நம்புகிறார்கள். உண்மை நிலவரம் வேறு. யாருக்கு வேலை, அந்த வேலையில் எவ்வளவு பாதுகாப்பு என்பதைக் கற்பிக்கும் திறனைவிட விசாவே அதிகம் தீர்மானிக்கிறது. நுழையும்போது ஆசிரியரின் குடியுரிமையைப் பார்க்கிறார்கள். நுழைந்த பிறகு அவரை ஒரே முதலாளியிடம் கட்டிப்போடுகிறார்கள். இரண்டுமே தவறு. விசா தகுதியைச் சார்ந்திருக்க வேண்டும். கடவுச்சீட்டையோ முதலாளியையோ அல்ல.

தென் கொரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆங்கில உரையாடல் கற்பிப்பதற்கான இ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கே பொதுவாகக் கிடைக்கும். 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தம், ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களுக்குப் பள்ளிகளில் துணை ஆசிரியராகச் சேர ஒரு சிறு வழியைத் திறந்தது. ஆனால் வேலைகள் குவிந்திருக்கும் தனியார் பயிற்சி மையங்களின் கதவு அதனால் திறக்கவில்லை. இத்தனைக்கும் தகுதியை அளக்கும் முறை கொரியாவுக்குப் புதிதல்ல. அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களைச் சேர்க்கும் அதன் திட்டம், தென்னாப்பிரிக்க விண்ணப்பதாரர் 7ஆம் வகுப்பு முதல் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறது. ஜப்பானில் பள்ளிகளில் மொழி கற்பிப்போருக்கான வசிப்புரிமை விதி, அந்த மொழியில் 12 ஆண்டுகள் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. தென்னாப்பிரிக்கருக்குப் படிப்பைப் பார்த்து முடிவு செய்ய முடியுமென்றால், பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை ஆங்கில வழியில் படித்த சென்னைக்காரருக்கும் கொழும்புக்காரருக்கும் ஏன் முடியாது?

தாய்மொழியாகப் பேசுகிறவரின் உச்சரிப்பைத்தான் பெற்றோர் விரும்புகிறார்கள் என்பது வழக்கமான பதில். அந்த விருப்பம் இருப்பது உண்மையே. ஆனால் தாய்மொழியாகப் பேசுகிறவரே சிறந்த ஆசிரியர் என்ற எண்ணம் ஆதாரமற்ற பிழை என்று மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992இலேயே வாதிட்டார். யாழ்ப்பாணத்துத் தமிழரான சுரேஷ் கனகராஜாவும் ஆங்கிலக் கல்வியில் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கு இருக்கும் மேலாதிக்கத்தைத் தன் ஆய்வுகளில் தொடர்ந்து கேள்விக்கு உள்ளாக்கியவர். இந்தத் துறையின் சர்வதேச அமைப்பான டீசால், தாய்மொழியை வைத்து ஆசிரியர்களிடம் பாகுபாடு காட்டுவதை 2006இல் வெளிப்படையாக எதிர்த்தது. உச்சரிப்புதான் காரணம் என்ற வாதத்தை ஸ்பெயினின் அனுபவமும் பொய்யாக்குகிறது. பிரெக்ஸிட்டுக்கு முன்பு பிரிட்டிஷ் ஆசிரியர்கள் அங்கே அனுமதி எதுவுமின்றி வேலை செய்தார்கள். 2021 தொடக்கம் முதல், புதிதாகப் போகும் பிரிட்டிஷ்காரருக்கு வேலை அனுமதி தேவை, அயர்லாந்துக்காரருக்குத் தேவையில்லை. பிரிட்டிஷ்காரரின் உச்சரிப்பும் திறமையும் மாறவில்லை. மாறியது அவருடைய கடவுச்சீட்டின் மதிப்பு மட்டுமே.

உள்ளே நுழைந்தவரின் நிலைக்கு வருவோம். இ-2 விசாவில் இருப்பவர் ஒப்பந்தக் காலத்தின் நடுவில் வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால், பொதுவாகப் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும். சம்பளம் தராதது போன்ற தவறுகளை நிரூபித்தால் விலக்கு உண்டு. நிரூபிக்கும் சுமை ஆசிரியருடையது. கொரியரை மணந்து திருமண விசாவில் இருப்பவருக்கு இந்தக் கட்டே இல்லை. விமானச் செலவும் தங்குமிடமும் கொடுத்து ஆளை வரவழைக்கும் முதலாளிக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். செலவைத் திரும்பப் பெற ஒப்பந்தச் சட்டம் போதும். அதற்கு ஒருவர் நாட்டில் தங்கும் உரிமையைப் பிணையாக வைக்க வேண்டியதில்லை. ஜப்பானில் வசிப்புரிமை முதலாளியைச் சார்ந்ததல்ல, வேலையின் வகையைச் சார்ந்தது. வேலையை விட்டவர் 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்துவிட்டு, அதே வகையில் வேறு வேலை தேடலாம். 2007 அக்டோபரில் அந்நாட்டின் மிகப் பெரிய ஆங்கிலப் பயிற்சி நிறுவனமான நோவா நொடித்து, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள். வேலை போனாலும் அவர்களுடைய விசா உடனே போய்விடவில்லை. வேறு இடம் தேட வழி இருந்தது.

குழந்தைகளின் பாதுகாப்புக்காகக் கடுமையான விதிகள் தேவை என்பது மதிக்க வேண்டிய வாதம். காவல்துறைச் சான்று, பட்டச் சரிபார்ப்பு இரண்டும் நியாயமானவை. ஆனால் பாதுகாப்பின் பெயரால் பாகுபாடும் நுழைந்துவிடுகிறது. கொரியா வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு மட்டும் எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கியது, அதே வேலையைச் செய்த கொரியர்களுக்கு அது இல்லை. இது இனப் பாகுபாடு என்று ஐ.நா. குழு ஒன்று 2015இல் முடிவு சொன்னது. 2017இல் கொரியா அந்த விதியை நீக்கியது. விதிகளை மாற்ற முடியும் என்பதற்கு இதுவே சான்று. மற்ற விதிகளும் மாறும் வரை, வெளிநாட்டுக்குப் புறப்படும் ஆசிரியர்களே, சம்பளத் தொகையைப் பார்க்கும் முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: விசா எந்த வகை, அது முதலாளியோடு கட்டப்பட்டதா, வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம். சுற்றுலா விசாவில் வந்து சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவரை நம்பிப் பணம் கட்டாதீர்கள். இந்திய அரசும் இனி வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது நம் ஆசிரியர்களுக்குத் துணை ஆசிரியர் இடத்தோடு நின்றுவிடாமல், முழு ஆசிரியருக்குரிய உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும்.