தட்டே இல்லாத தராசு தெரியுமா?

ஒரேயொரு மூலக்கூறின் எடையைப் பார்க்க முடியுமா? முடியும்! மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவிக்குத் தட்டும் வேண்டாம், படிக்கல்லும் வேண்டாம். ஆவியாக்கு, மின்சுமை ஏற்று, பறக்கவிடு, எண்ணு: அடிப்படை இந்த நாலே வேலைதான். இதற்குள் எத்தனை அதிசயம் பாருங்கள்!

மின்சுமை எதற்கு தெரியுமா? சுமையில்லாத மூலக்கூறு மின்புலத்துக்கோ காந்தப்புலத்துக்கோ மசியாது. ஒரு எலக்ட்ரானைத் தட்டிப் பறித்தால் அது அயனி. பிறகு இழுத்த இழுப்புக்கு வரும்! பலத்த காற்றில் பலூன் ஒதுங்கும் அளவுக்குத் தேங்காய் ஒதுங்குமா? லேசான அயனி அதிகம் வளையும், கனமானது கொஞ்சமாக வளையும். வளைவை அளந்தால் எடை!

அயனி வேஷம் போடும், தெரியுமா? கருவி காட்டுவது நிறையை மின்சுமையால் வகுத்த விகிதம். இரண்டு சுமை ஏறிய அயனி பாதி எடைதான் என்று ஏமாற்றப் பார்க்கும்!

பள்ளிப் பாடத்தில் குளோரினுக்கு 35.5 என்று படித்தோமே, அந்த அரை எங்கிருந்து வந்தது? அரை அணு கிடையாது! 35, 37 என இரண்டு ஐசோடோப்புகள் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று கலந்திருக்கின்றன, 35.5 வெறும் சராசரி. 1919-இல் கேம்பிரிட்ஜில் கருவி அமைத்து இதைப் பிரித்துக் காட்டிய ஆஸ்டனுக்கு 1922-இல் வேதியியல் நோபல்!

நைட்ரஜன் மூலக்கூறு 28, கார்பன் மோனாக்சைடும் 28. எப்படிப் பிரிப்பது? நுட்பமான கருவிக்கு முன்னது 28.006, பின்னது 27.995. இரண்டாம் தசமத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்!

உடைந்தாலும் லாபம், தெரியுமா? 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு எலக்ட்ரான் மோதினால் மூலக்கூறு சிதறும். ஆனால் ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய தினுசில்தான் சிதறும். அந்தச் சில்லுகளின் வரிசையைத் தரவு நூலகத்தோடு ஒப்பிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்!

பெரிய புரதங்களை உடைக்காமல் பறக்கவைக்க வழி பிறந்தது ஒரு கைத்தவறலில்! ஜப்பானின் ஷிமாட்சு நிறுவனப் பொறியாளர் கொய்ச்சி தனாகா, 1985-இல் கோபால்ட் பொடியில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். விலை உயர்ந்த பொடியாயிற்றே, வீணாக்க மனமில்லாமல் அதிலேயே லேசரைப் பாய்ச்சினார். வேலை செய்தது! 2002-இல் நோபல் பெற்றபோது அவரிடம் முனைவர் பட்டம் கூட இல்லை.

தேனில் கரும்புச் சர்க்கரை கலந்தால் நாக்கு ஏமாறலாம், இந்தக் கருவி ஏமாறாது! தேனீ நாடும் பூச்செடிகள் பெரும்பாலும் கார்பன்-13-ஐக் குறைவாக எடுப்பவை. கரும்பும் மக்காச்சோளமும் கூடுதலாக எடுப்பவை. விகிதம் மாறினாலே கலப்படம்!

கீழடி அகழாய்வுத் தளத்தின் காலம் கி.மு. 580 வரை போனதும் இதே குடும்பக் கருவியால்தான், தெரியுமா? அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் முடுக்கி வகைக் கருவி, கரித்துண்டில் எஞ்சிய கார்பன்-14 அணுக்களை எண்ணியது. இன்றைய கரியிலேயே லட்சம் கோடி அணுக்களில் ஒன்றுதான் அந்த வகை! அதே எடையுள்ள நைட்ரஜன்-14 குழப்பாதா? குழப்பாது. கருவி எதிர்மின் அயனிகளையே எடுக்கும்; நைட்ரஜன் அப்படி நிலைக்காது, வாசலிலேயே கழன்றுவிடும்!

கருவிக்குள் வெற்றிடம் ஏன்? காற்று மூலக்கூறுகள் மோதினால் அயனியின் பாதை குலையும். பூமியில் அதற்குப் பம்ப் ஓயாமல் ஓடவேண்டும். நிலவில் வெற்றிடம் இலவசம்! சந்திரயான்-1 அனுப்பிய மோதுகலம் 2008 நவம்பர் 14 அன்று நிலவை நோக்கி விழுந்தபோது, அதிலிருந்த 'சேஸ்' என்ற சின்னக் கருவி வழியெல்லாம் அளந்துகொண்டே போனது. 18 என்ற எண்ணில் ஒரு முகடு எழுந்தது. ஹைட்ரஜன் 1, இன்னொரு ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 16. கூட்டிப் பாருங்கள், தண்ணீர்!