மும்பையில் கடல் ஏறும் நேரம்

மும்பை ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை, கடல் ஏறினால் தண்ணீருக்குள் மறைந்துவிடும். வற்றியதும் ஜனங்கள் மறுபடி நடக்கிறார்கள். மராத்தியர் 'பர்த்தி', 'ஓஹோட்டி' என்று சொல்லும் இந்த ஏற்ற வற்றம் சந்திரனின் வேலை.

தனக்கு நேரே உள்ள கடலைச் சந்திரன் இழுக்கிறது, நீர் மேடாகிறது. எதிர்ப்புறம்? அங்கேயும் மேடுதான்! அந்த நீரைவிடப் பூமி சந்திரனுக்குக் கிட்டத்தில் இருப்பதால் பூமியே அதிகம் இழுபடுகிறது, நீர் பின்தங்கிவிடுகிறது. பூமி சுழல்வதால் நாளுக்கு இரண்டு ஏற்றம். சந்திரனும் நகர்வதால் மறுநாள் சுமார் 50 நிமிடம் தாமதம்.

அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் சேர்ந்து இழுக்கிறது. அப்போது மும்பைக் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். சென்னையில் சுமார் 1 மீட்டர்தான்.

மழைக்காலத்தில்தான் தொல்லை. நகரின் மழைநீர்க் கால்வாய்கள் பல, ஏற்ற மட்டத்துக்குக் கீழே கடலில் திறக்கின்றன. கடல் ஏறிவிட்டால் தெருத் தண்ணீர் வடியாது. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. பிற்பகலில் கடலும் ஏறி நின்றது. மித்தி ஆறு கரை புரண்டது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் நண்பகல், நள்ளிரவு வாக்கில் வரும். மழை நாளில் இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.