இரவே தயாராகும் காலைச் சாப்பாடு

காலை அவசரத்தில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் போதுமென்று பிள்ளைகளை அனுப்பிவிடுகிறோம். பத்து மணிக்கே அவர்களுக்குப் பசிக்கிறது. அடுப்பு மூட்டாமலே வயிற்றை நிறைக்கும் சாப்பாடு மட்டக்களப்பில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: சட்டியில் உறைந்த எருமைத் தயிர்.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் தரையும் அடுத்தடுத்து இருப்பதால், அங்கே மாட்டுப் பட்டிகள் பெருகின. பசும்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 சதவீதம். எருமைப் பாலிலோ 7, 8 சதவீதம். புரதமும் அதில் கூடுதல். இவை இரண்டும் இரைப்பையில் மெதுவாகவே கரைவதால் பசி தள்ளிப்போகிறது.

தயிர் தோய்க்கிறவர்கள் பாலை நன்றாகக் காய்ச்சுவது கிருமி சாவதற்கு மட்டுமல்ல. சூடு 80 பாகை செல்சியஸைத் தாண்டினால், பாலின் மோர்ப் புரதங்கள் விரிந்து கேசீன் என்ற முதன்மைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தயிர் நீர் விடாமல் கெட்டியாக நிற்பது அதனால்தான். பிறகு, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பாலில் முந்தின நாள் தயிரைக் கொஞ்சம் உறையாக விடுவார்கள். அதிலுள்ள பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏற, ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருந்த கேசீன் துணிக்கைகள் அந்த விலக்கத்தை இழக்கின்றன. பி.எச். அளவு 4.6 ஐ நெருங்கும்போது அவை கைகோத்து வலையாகி, நீரையும் கொழுப்பையும் உள்ளே பிடித்துக்கொள்கின்றன. வீடு தூங்கும் நேரத்தில் இவ்வளவும் நடந்து முடிகிறது.

சட்டிக்கும் இதில் பங்குண்டு. மெருகு பூசாத மண்ணின் நுண்துளைகள் நீரை உறிஞ்சி வெளியே கசியவிடும், தயிர் இறுகும். கசிந்த நீர் ஆவியாகும்போது சட்டி குளிர்வதால் புளிப்பும் நிதானமாகவே ஏறும். பிளாஸ்டிக் கோப்பைத் தயிருக்கு இந்த வசதி கிடையாது.

முதல்நாள் இரவுப் பிட்டு மிஞ்சியிருந்தால், காலையில் தயிரும் வாழைப்பழமும் சேர்த்துப் பிசைந்தால் போதும். சிவப்பரிசி மாப் பிட்டென்றால் இன்னும் நல்லது. தவிட்டின் நார்ச்சத்தும் கிடைக்கும். பாணியைத் தாராளமாக ஊற்றும் பழக்கத்தைத்தான் குறைக்க வேண்டும். பழம் தருகிற இனிப்பே போதும், நீரிழிவுக்காரர் உள்ள வீட்டில் கட்டாயம் போதும். பழஞ்சோற்றுக்குத் தயிரோடு சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பொருத்தம். ஆறிய சோற்றில் மாச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடுவதால் அது மெல்லவே சர்க்கரையாகிறது. ஆனால் நம் வெக்கையில் சோற்றை இரவு முழுக்க வெளியே விடுவது ஆபத்து. ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் அடிப்படை மேய்ச்சல் தரை. மயிலத்தமடு, மாதவனைத் தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் 2023 இல் வீதியோரம் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மாட்டுக்குப் புல் கிடைக்காத ஊரில் சட்டிக்குப் பால் கிடைக்காது என்பதால், அவர்கள் கோரிக்கை தயிர் வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது.