பச்சை இறைச்சியும் பிடிவாதப் பூனையும்

எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகளாக வளர்ந்து வரும் செம்பி என்னும் செந்நிறப் பூனைக்கு, பாக்கெட்டில் வரும் உலர் தீனியை நிறுத்திவிட்டுப் பச்சை இறைச்சியைப் பழக்குவது என்று சென்ற ஆண்டு தீர்மானித்து, கோழியின் தொடைக்கறியைப் பொடியாகக் கொத்தி ஒரு பீங்கான் தட்டில் வைத்தபோது, அது அருகில் வந்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் கழிவை மண்ணால் மூடும் பாவனையில் தட்டைச் சுற்றிலும் தரையைச் சுரண்டிவிட்டு அகன்றது. புலியின் குடும்பத்தில் பிறந்த பிராணி பச்சை இறைச்சியைக் கண்டதும் பாய்ந்து உண்ணும் என்றே நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை பிழை. அதைவிடப் பெரிய பிழையொன்றை அடுத்த இரண்டு நாட்களில் நான் செய்தேன். அவ்வனுபவம் பூனை வளர்க்கும் பிறருக்குப் பயன்படட்டும் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பூனையின் சரீரம் கேட்பது

நாய், மனிதனோடு கூடி வாழ்ந்து, அவன் உண்ட சோற்றையும் ஜீரணிக்கக் கற்றுக்கொண்ட பிராணி. பூனையோ எத்தனை தலைமுறை நம் அடுப்படியில் படுத்துறங்கினாலும், உட்கூற்றில் தன் மூதாதையான பாலைவனக் காட்டுப்பூனையாகவே இருந்து வருகிறது. டாரின் என்னும் சத்தைப் பிற பிராணிகள் பல தம் சரீரத்திலேயே போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள, பூனை அதை மாமிசத்திலிருந்துதான் பெற வேண்டும். அச்சத்துக் குறைந்தால் கண்ணின் விழித்திரை சிதைகிறது என்பது 1975-லும், இருதயம் தளர்ந்து விரிந்து போகிறது என்பது 1987-லும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களால் நிறுவப்பட்டன. கேரட்டிலும் கீரையிலும் உள்ள மஞ்சள் சத்தை ‘ஏ’ வைட்டமினாக மாற்றும் ஆற்றலும் பூனைக்கு இல்லை. ஆகவே பால்சோறும் தயிர்ச்சோறும் வைத்துப் பூனை வளர்க்கும் நம் வீட்டு வழக்கம் அன்பினால் விளைந்ததேயாயினும், போஷணை என்ற அளவில் அது பூனைக்குப் போதவே போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஜீரணமாவதுகூட இல்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பூனையின் இயல்பான இரையாகிய எலியின் உடலில் ஏறக்குறைய எழுபது சதவிகிதம் நீர். உலர் தீனியிலோ பத்துச் சதவிகிதமே. இரையிலிருந்தே நீரைப் பெற்று வாழ்ந்த வழியில் வந்த பிராணிக்குத் தாக உணர்ச்சி குறைவு. ஆதலால் உலர் தீனி மட்டும் உண்ணும் பூனை, தண்ணீர்க் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தாலும், ஈர ஆகாரம் உண்ணும் பூனையைவிடக் குறைந்த நீரையே மொத்தத்தில் பெறுகிறது. செம்பிக்குச் சிறுநீர் போகும்போது ஏற்பட்ட கஷ்டமே என்னை இந்த முயற்சியில் இறக்கியது.

பிடிவாதத்தின் காரணம்

பூனையின் மறுப்பை நாம் கர்வம் என்றும் செல்லம் என்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஞாபகமும் எச்சரிக்கையும் சேர்ந்த ஒரு சுபாவம். பால்குடி மறக்கும் பருவத்தில் குட்டி எந்த வாசனையையும் எந்தப் பக்குவத்தையும் ஆகாரம் என்று அறிந்துகொள்கிறதோ, அதையே பிற்காலத்திலும் ஆகாரமாக மதிக்கிறது. மற்றவை அதன் கணக்கில் உணவே அல்ல. பிறந்தது முதல் மொறுமொறுப்பான உருண்டைகளையே கடித்து வந்த பூனைக்கு வழுவழுப்பான இறைச்சி, நமக்குக் களிமண்ணைப் பிசைந்து வைத்தாற்போன்றதுதான். உலர் தீனியின் மேற்புறத்தில் ஆலைகள் கொழுப்பையும் புரதச் சாற்றையும் பூசி மணமூட்டி அனுப்புகின்றன என்பதையும் கருதினால், அந்தப் பழக்கம் ஏன் அவ்வளவு ஆழமாக வேரூன்றுகிறது என்பது விளங்கும்.

இனிப்பை அறியும் திறன் பூனையின் நாவுக்கு இல்லை. அதற்குரிய மரபணு பழுதுபட்டிருப்பதை 2005-இல் கண்டறிந்தார்கள். நாவைக்காட்டிலும் மூக்கே பூனைக்கு வழிகாட்டி. அப்போதுதான் கொன்ற இரையின் சூடும், அந்தச் சூட்டில் எழும் மணமும் அதைக் கவரும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த சில்லிட்ட இறைச்சி அதற்கு மணமற்ற ஒரு பொருளாகவே தோன்றும்.

நன்மையும் ஆபத்தும்

பச்சை இறைச்சியை ஆதரிப்போர் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டாக்டர் பிரான்சிஸ் பாட்டஞ்சர் 1932 முதல் 1942 வரை ஏறத்தாழ 900 பூனைகளைக் கொண்டு நடத்திய பரிசோதனையாகும். வெந்த இறைச்சி உண்ட பூனைகள் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன என்றும், பச்சை இறைச்சி உண்டவை செழித்தன என்றும் அவர் கண்டார். ஆனால் பூனைக்கு டாரின் இன்றியமையாதது என்பது அக்காலத்தில் அறியப்படவில்லை. வேகும்போது அந்தச் சத்தின் ஒரு பங்கு நீரில் கரைந்து போகிறது என்பதை இன்று அறிவோம். ஆகவே அந்தப் பூனைகளை நலியச் செய்தது தீயன்று, சத்துக் குறைவே என்று கருத இடமிருக்கிறது. நீர் மிகுந்த, புரதம் நிறைந்த ஆகாரம் பூனைக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை. அது பச்சையாகவே இருந்தாக வேண்டும் என்பதற்குத்தான் உறுதியான சான்று இல்லை.

மறுபுறம், ஆபத்துகளுக்குச் சான்றுகள் உண்டு. கோழி இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சகஜம். 2004-இல் தாய்லாந்தின் ஒரு புலிக் காட்சிசாலையில் நோயுற்ற கோழிகளின் பச்சை இறைச்சியால் பறவைக் காய்ச்சல் புகுந்து, 441 புலிகளில் 147 மடிந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பாக்கெட்டில் விற்கப்பட்ட பச்சை உணவை உண்ட வீட்டுப் பூனையொன்று அதே நோயால் இறந்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதலே நாய், பூனைகளுக்குப் பச்சை இறைச்சி ஊட்டுவதை ஊக்குவிப்பதில்லை. உறைய வைப்பது டாக்ஸோபிளாஸ்மா போன்ற ஒட்டுண்ணிகளைப் பெரும்பாலும் அழிக்கும். பாக்டீரியாக்களையும் வைரஸ்களையும் அழிக்காது. இதை மனத்திற்கொண்டே எவரும் இம்முயற்சியில் இறங்க வேண்டும்.

வெறும் கறி போதாது

கறிக்கடையில் எலும்பில்லாத கறி கால் கிலோ வாங்கி வந்து நாள்தோறும் போட்டால் பூனை நலம்பெறும் என்று எண்ணுவது பேராபத்து. தசை இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியமோ மிகக் குறைவு; அந்தக் குறையை ஈடுசெய்யச் சரீரம் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும். வெறும் இறைச்சியில் வளர்ந்த குட்டிகள் மெத்தையிலிருந்து குதித்த அளவிலேயே கால் முறிந்து வைத்தியரிடம் வருவது இதனால்தான்.

ஈரல் நல்லது, ஆனால் மொத்த ஆகாரத்தில் ஐந்து சதவிகித அளவில் நிற்க வேண்டும். நாள்தோறும் ஈரலே உண்ணும் பூனைக்கு ‘ஏ’ வைட்டமின் மிகுந்து, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இறுகி, தலையைத் திருப்பித் தன் முதுகை நக்கிக்கொள்ளவும் முடியாத நிலை வரும். பச்சை மீன் பலவற்றில் தயமின் என்னும் வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு. தொடர்ந்து உண்டால் தலை தொங்குதலும் வலிப்பும் நேரலாம். மீனை வேகவைத்து, எப்போதாவது கொடுப்பதே சரி. கோழியில் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியிலும் இதயத்திலும் டாரின் பன்மடங்கு மிகுதி. வேகவைத்த எலும்பு கூரிய சிம்புகளாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்; ஒருபோதும் தரலாகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை; ஆகையால் குழம்பிலிருந்து எடுத்த கறியும் மீனும் அதற்கு உரியவை அல்ல. கால்சியம், டாரின், வைட்டமின்கள் ஆகியவற்றின் அளவை உங்கள் பூனையின் எடைக்கும் வயதுக்கும் ஏற்பக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வதே முறை.

பட்டினி என்னும் தவறு

செம்பி மறுத்த அன்று, ‘பசித்தால் தானே தின்னும்’ என்று எண்ணி, பழைய தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். முதல் நாள் முழுவதும் அது அலமாரியின் கீழே உட்கார்ந்து கத்தியது. இரண்டாம் நாள் கத்தவும் இல்லை. துவைக்கும் கல்லின் நிழலில் சுருண்டு படுத்திருந்தது. அன்று மாலை பயந்துபோய் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அவர் சற்றுக் கடிந்தே பேசினார்: “அம்மா, முதல்ல அது பழகின தீனியை எடுத்து வையுங்க, மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம். பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர முடியாது, ஈரல்தான் கெட்டுப்போகும்.”

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பூனை உண்ணாமல் இருந்தால், அதன் சரீரம் சேர்த்து வைத்த கொழுப்பைக் கல்லீரலுக்கு அனுப்பும். அந்தக் கொழுப்பைச் செலவிடும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவாதலால், அது அங்கேயே தேங்கி ஈரலைச் செயலிழக்கச் செய்யும். இரண்டு மூன்று நாள் பட்டினியே இதற்குப் போதும். பருத்த பூனைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஈறும் காதின் உட்புறமும் மஞ்சள் பூத்தால் நோய் முற்றியது என்று பொருள். நாய்க்குப் பலிக்கும் உபாயம் பூனைக்கு யமனாகலாம்.

பழக்கும் கிரமம்

மறுநாள் மருத்துவர் சொல்லித் தந்த முறை பொறுமையைத் தவிர வேறெதையும் கேட்காத முறை. முதலில், நாள் முழுவதும் தீனி கிண்ணத்தில் கிடக்கும் வழக்கத்தை நிறுத்தி, காலை, மாலை, இரவு என்று வேளைகளை வகுத்து, அரைமணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளைக்கு இயல்பான பசி உண்டாக அதுவே போதும். அடுத்து, உலர் தீனியில் சிறிது வெந்நீரோ, உப்பும் வெங்காயமும் சேராத கோழிச் சாறோ தெளித்து, ஈரத்தை நாவுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். அதன் பின்னரே இறைச்சி. அதுவும் சுண்டுவிரல் நகத்தளவு, பழைய தீனியோடு கலக்காமல், தட்டின் ஓரத்தில். பூனை அதைத் தொடாவிட்டாலும், அதன் மணத்தின் அருகே உண்ணப் பழகுவது ஒரு முன்னேற்றம்.

நான் இறைச்சித் துண்டை ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, அந்தக் கிண்ணத்தை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்து, எலியின் உடற்சூடு வந்தபின், உலர் தீனியை அம்மியில் பொடித்து அதன் மேல் தூவி வைத்தேன். முதல் பல நாட்கள் செம்பி பொடியை மட்டும் நக்கிவிட்டு, துண்டை நாவால் தட்டின் விளிம்புக்குத் தள்ளி விட்டுப்போகும். பத்தொன்பதாம் நாள் காலை, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடைவாய்ப் பல்லில் துண்டை வாங்கி, இரண்டு கடி கடித்து விழுங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தேன். அதன் பிறகு வாரத்துக்கு வாரம் இறைச்சியைச் சிறிது கூட்டி, தீனியைச் சிறிது குறைத்து, முழுமையாக மாற இரண்டரை மாதம் ஆயிற்று. வாரந்தோறும் அதை நிறுத்து எடையைக் குறித்து வந்தேன். எடை சரிந்தாலும், வாந்தியோ பேதியோ கண்டாலும், ஒரு படி பின்வாங்கி நிற்பதே விவேகம்.

வீட்டாரின் பாதுகாப்பு

பூனையின் தட்டுக்கும் கறி வெட்டும் பலகைக்கும் தனி இடம் வேண்டும். அவற்றைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவிய பின் கைகளையும் நன்றாகக் கழுவ வேண்டும். நம் ஊர் வெயிலில் பச்சை இறைச்சி அரைமணிக்கு மேல் தட்டில் கிடக்கலாகாது. உறைந்த கறியைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தே உருக்க வேண்டும்; சமையல் மேடையில் வைத்தன்று. பச்சை இறைச்சி உண்ணும் பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா வெளிப்படக்கூடும். வெளிவந்து ஒருநாளேனும் கழிந்த பின்னரே அது தொற்றும் தன்மை பெறுவதால், மலத்தட்டை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யலாகாது. கைக்குழந்தை, முதியோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் உள்ள வீடுகளிலும், குட்டிகளுக்கும் நோயுற்ற பூனைகளுக்கும், பச்சை இறைச்சியைத் தவிர்ப்பதே நலம்.

எங்கள் வீட்டிலும் அதைத் தவிர்க்க வேண்டிய நிலை நேர்ந்தது. செம்பி முழுதும் மாறிய சில வாரங்களில் என் மகள் பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்தாள். மருத்துவரின் யோசனைப்படி, அதே இறைச்சியை நன்றாக வேகவைத்து, டாரின் கரைந்திருக்கும் சாற்றைக் கீழே கொட்டாமல் அதன் மேலேயே ஊற்றி, எலும்பை நீக்கி, எழுதித் தந்த சத்துப்பொடியைக் கலந்து வைத்தேன். இறைச்சியின் பக்குவத்தை ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்த செம்பி மூன்றே நாட்களில் அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் அதையே உண்கிறது; சிறுநீர்க் கஷ்டம் திரும்ப வரவில்லை.

ஆகவே என் முடிவு இது: பூனைக்கு மாமிசமும் நீரும் நிறைந்த, சத்துக்கள் அளவாகச் சேர்ந்த ஆகாரம் வேண்டும், அது பச்சையா, வெந்ததா என்பதை அவரவர் வீட்டு நிலைமையும் மருத்துவரின் அபிப்பிராயமும் தீர்மானிக்கட்டும். எதை மாற்றுவதானாலும், தொடங்கும் முன் பூனையை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரங்களை எண்ணாமல் பொறுத்திருங்கள். ஒரு நாள் முழுவதும் அது எதையும் உண்ணாதிருந்தால், அதற்குப் பழகிய தீனியை உடனே வையுங்கள். அதையும் தொடாவிட்டால் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.