கார் எதை அளக்கிறது, யாருக்கு அனுப்புகிறது

சங்கரன்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் டி.என். 79 என்ற எண்ணோடு இன்று பதிவாகும் புதிய கார், சாவி திரும்பிய நொடியிலிருந்து எஞ்சினின் சுழற்சி, சக்கரங்களின் வேகம், பிரேக் மிதியின் நிலை, ஸ்டீயரிங்கின் கோணம், குளிர்விப்பு நீரின் சூடு, சீட் பெல்ட் மாட்டப்பட்டதா என்பது வரை இடைவிடாமல் அளந்துகொண்டே ஓடுகிறது. இவ்வாறு அளக்கும் சிறு கருவிகளே சென்சார்கள், அதாவது உணரிகள். உணரி அளந்த செய்தி வண்டிக்குள்ளேயே கிடப்பது ஒன்று, வண்டியை விட்டு வெளியேறி ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் சேர்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கார் என்றாலே வேவுக்கருவி என்ற அச்சமும், ‘நம்ம வண்டியில் அதெல்லாம் கிடையாது’ என்ற அலட்சியமும் பக்கத்துப் பக்கத்திலேயே நிலவுகின்றன.

முதலில் உள்ளே கிடப்பதைப் பார்க்கலாம். காருக்குள் இருக்கும் பல சிறு கணினிகள், ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய ‘கேன் பஸ்’ என்னும் முறைப்படி, ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரண்டு கம்பிகளின் வழியே தமக்குள் பேசிக்கொள்கின்றன (பஸ் என்பது இங்கே பொதுத் தடத்தைக் குறிக்கும், ராஜபாளையம் பஸ்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை). இந்தப் பேச்சை ஒட்டுக்கேட்க உதவும் வாசல், ஸ்டீயரிங்குக்குக் கீழே, 16 முனைகளோடு இருக்கும் ஓ.பி.டி. இணைப்பு. செக் எஞ்சின் விளக்கு எரிகிறதென்று வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகுவது இதில்தான். திரையில் ‘பி 0420’ என்று தோன்றினால், புகைபோக்கிக் குழாயில் உள்ள நச்சு குறைக்கும் வினையூக்கி சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். அதோடு, பழுது பதிவான கணத்தில் வண்டி என்ன வேகத்தில் சென்றது, எஞ்சின் எத்தனை சுழற்சியில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் கணினி அப்படியே உறையவைத்துக் காட்டும். ஏர்பேக்கை இயக்கும் பெட்டி இன்னும் நுட்பமானது. பல கார்களில் அது மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் சீட் பெல்ட் நிலையையும் பூட்டி வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் இந்தப் பதிவு வண்டியின் உரிமையாளருக்கே சொந்தம் என்று 2015-இல் சட்டமே இயற்றினார்கள்.

இவை கம்பி சொருகினால்தான் வெளியே வரும். நிலைமையை மாற்றியது சிம். 2019 மே மாதம், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வென்யூ, வண்டிக்குள்ளேயே பதிக்கப்பட்ட இ-சிம்மோடு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் எம்.ஜி. ஹெக்டரும் கியா செல்டோஸும் தொடர்ந்தன. கார் எங்கே நிற்கிறது என்று கைப்பேசியில் பார்ப்பது, திருடுபோனால் தேடிப்பிடிப்பது, குறித்த எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை பெறுவது ஆகிய வசதிகள் எல்லாம், வண்டியின் இருப்பிடமும் ஓட்டமும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்பினால் மட்டுமே நடக்கும். டெலிவரி எடுக்கும் நாளில், மாலையும் எலுமிச்சம்பழமுமாக வண்டி நிற்கையில், செயலியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டுவதே இதற்கான சம்மதமாகிவிடுகிறது.

மஞ்சள் போர்டு வண்டிகளுக்குச் சம்மதம் என்ற பேச்சே இல்லை. 2016 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 125-எச் பிரிவின்படி, 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் டாக்ஸி, வேன், பேருந்து ஆகியவற்றில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். ஆட்டோவுக்கும் இருசக்கர வாகனத்துக்கும் விலக்கு உண்டு. ஏ.ஐ.எஸ். 140 என்ற தரநிலையில் அமைந்த இக்கருவி, ஆரியங்காவு மலைப்பாதையில் சிக்னல் அறுந்தாலும் தரவைத் தன்னுள் சேமித்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். டெல்லியில் 2012-இல் ஓடும் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குப் பின் எழுந்த பாதுகாப்புக் கோரிக்கைகளின் தொடர்ச்சியாக வந்த விதி என்பதால், இதன் நோக்கத்தைக் குறைசொல்வதற்கில்லை.

வெளியேறிய தரவு என்ன ஆகிறது என்பதே வழக்காடத்தக்க பகுதி. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஓட்டுநர்களின் இருப்பிடத்தைச் சில வண்டிகளில் 3 நொடிக்கு ஒருமுறை வரை திரட்டி, திடீர் பிரேக், அதிவேகம் முதலான விவரங்களைத் தரவு வணிகர்கள் வழியே காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போகவிட்டது 2024-இல் வெளிப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்கார்களின் தரவு, பூட்டப்படாத இணையச் சேமிப்பில் கிடந்ததை ஜெர்மானியப் பத்திரிகை அம்பலப்படுத்தியது.

இந்தியாவில் இத்தகைய தரவு பொதுவெளிச் சண்டையானது காரில் அன்று, ஸ்கூட்டரில். கிருஷ்ணகிரி மாவட்டத் தொழிற்சாலையில் தயாராகும் ஓலா மின்ஸ்கூட்டரில் சென்ற ஓர் இளைஞர் 2022 மார்ச்சில் குவாஹாட்டியில் விழுந்து காயமடைந்தார். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரத்தைத் திருப்பிப் பேட்டரிக்கு அனுப்பும் பிரேக் ஏற்பாட்டில் கோளாறு என்றும், வேகத்தடையருகே வண்டி குறைவதற்குப் பதில் பாய்ந்தது என்றும் அவருடைய தந்தை பொதுவெளியில் குற்றஞ்சாட்டினார். நிறுவனமோ, வண்டியிலிருந்து வந்து சேர்ந்திருந்த வேக விவரங்களை அறிக்கையாகவே வெளியிட்டு, அன்றிரவு முழுவதும் அதிவேகம், கடைசியில் பதற்றத்தில் பிடித்த பிரேக், வண்டியில் குறையேதும் இல்லை என்று பதிலளித்தது. தம் அனுமதியின்றித் தரவை வெளியிட்டது தவறென்று தந்தை எதிர்த்தார். விபத்துக்குக் காரணம் எதுவாயினும், தகராறில் ஒரு தரப்பினரான உற்பத்தியாளரே ஒரே சாட்சியாகவும், எந்தப் பகுதியை எப்போது காட்டுவது என்று முடிவு செய்பவராகவும் இருந்த அந்த ஏற்பாடு நியாயமானதாகத் தோன்றவில்லை.

அரசின் கையும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் தரவுத்தளங்களான வாகன், சாரதி இரண்டையும் தனியார் நிறுவனங்களும் பணம் கட்டிப் பார்க்க அனுமதித்ததில் ஏறத்தாழ 65 கோடி ரூபாய் கிடைத்தது என்று 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. மொத்தமாகத் தரவை விற்கும் அந்தக் கொள்கை 2020-இல் கைவிடப்பட்டது. 2022 ஜூலையிலோ, ஒருவர் எவ்வளவு தூரம், எப்படி ஓட்டுகிறார் என்பதை வைத்துப் பிரீமியம் வாங்கும் கூடுதல் காப்பீட்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தந்தது.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றி என்ன தரவு இருக்கிறது, யார் யாரோடு அது பகிரப்பட்டது என்று கேட்கும் உரிமையைக் குடிமகனுக்குத் தருகிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளில், ஆகவே தமிழிலும், படிக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம்.

அதுவரை உரிமையாளரின் கைக்கு எட்டுவது சொற்பமே. செகண்ட் ஹேண்ட் கார் கைமாறும்போது ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவதற்குக் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட வண்டியின் திரைக்கு யாரும் காட்டுவதில்லை. புளூடூத்தில் இணைத்த பழைய உரிமையாளரின் தொடர்பு எண்களும் அழைப்புப் பட்டியலும் அதில் தங்கியிருக்கலாம். இ-சிம் உள்ள வண்டியானால் அவருடைய செயலிக் கணக்கைத் துண்டிக்காதவரை, புதியவர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வண்டியை எந்தத் தெருவில் நிறுத்தினார் என்பது பழையவரின் கைப்பேசியில் புள்ளியாகத் தெரிந்துகொண்டிருக்கும்.